பீர் ஆலைக்குச் சொந்தமான பப்பில் பாட்டு வைக்க யாரைக் கேட்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பப் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர்கள், எடுக்க எண்ணுபவர்கள், அங்கே பாடவும் வாசிக்கவும் வாய்ப்புத் தேடும் கலைஞர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் மது விற்பனைக்கும் கேளிக்கைக்கும் உரிய சட்டங்கள் வேறு என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு பப்பில் பாட்டு ஒலிக்க யார் யாருடைய அனுமதி தேவை?

மூன்று தரப்பினருடைய அனுமதி தேவை. பாட்டை எழுதியவர், இசையமைத்தவர், பதிவுசெய்த நிறுவனம் ஆகியோரின் உரிமைக்காகக் கட்டணம் செலுத்திப் பெறும் பதிப்புரிமை உரிமம் முதலாவது. கேளிக்கை நடத்துவதற்காக உள்ளூர் கவுன்சில் வழங்கும் உரிமம் இரண்டாவது. பல சமயங்களில் இது இப்போது தேவைப்படுவதில்லை. கட்டடத்தின் சொந்தக்காரரான பீர் ஆலையோ பப் நிறுவனமோ தரும் சம்மதம் மூன்றாவது.

இவற்றில் ஒன்று கிடைத்துவிட்டால் மற்றவையும் கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொள்வதே பெரும்பாலான தகராறுகளுக்குக் காரணம். “கவுன்சிலில் கேட்டேன், உரிமம் வேண்டாம் என்றார்கள்” என்று சொல்லும் குத்தகைதாரருக்குப் பதிப்புரிமைக் கட்டணத்துக்கான பில் வருகிறது. அதையும் கட்டி முடித்தவருக்கு ஆலையிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வருகிறது. மூன்றும் தனித்தனிச் சட்டங்களில் வேரூன்றியவை. ஒன்று மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது.

பப் “ஆலைக்குச் சொந்தம்” என்றால் நடைமுறையில் என்ன பொருள்?

இங்கிலாந்தின் பப்களைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம். நடத்துபவருக்கே சொந்தமாக இருந்து, யாரிடம் வேண்டுமானாலும் பீர் வாங்கிக்கொள்ளும் பப்பை ஃப்ரீ ஹவுஸ் என்கிறார்கள். கட்டடம் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருக்க, வாடகை கொடுத்துத் தன் பொறுப்பில் தொழில் நடத்தி, ஆனால் பீரை அந்த நிறுவனத்திடமே வாங்கக் கட்டுப்பட்டிருப்பது “டைட்” பப். நிறுவனமே சம்பளத்துக்கு மேலாளரை அமர்த்தி நடத்துவது மூன்றாவது வகை.

இந்த வேறுபாட்டில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. மூன்றாவது வகைப் பப்பின் மேலாளர் ஓர் ஊழியர். தலைமையகம் பாட்டு வேண்டாம் என்றால் வேண்டாம்தான், மையத்திலிருந்து அனுப்பப்படும் பாடல் பட்டியலைத்தான் ஒலிக்க வேண்டும் என்றால் அதைத்தான் ஒலிக்க வேண்டும். குத்தகைதாரரோ முதலீட்டையும் நட்டத்தையும் தாமே சுமப்பவர். அவருடைய கைகள் எவ்வளவு கட்டப்பட்டிருக்கின்றன என்பதை அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் மட்டுமே சொல்லும்.

1989-ஆம் ஆண்டின் “பீர் ஆணைகள்” 2,000-க்கு மேல் பப் வைத்திருந்த பெரிய ஆலைகளைக் கட்டுப்படுத்தியதன் விளைவாக ஆயிரக்கணக்கான பப்கள் விற்கப்பட்டு, பீர் காய்ச்சாமல் பப்களை மட்டும் வைத்திருக்கும் நிறுவனங்கள் தோன்றின. சொந்தக்காரர் ஆலையாக இருந்தாலும் இத்தகைய நிறுவனமாக இருந்தாலும், இங்கே சொல்லப்படுபவை குத்தகைதாரருக்கு ஒன்றுபோலவே பொருந்தும்.

பதிப்புரிமைக்காக யாருக்குப் பணம் கட்ட வேண்டும்?

பாட்டை எழுதியவர்கள், இசையமைத்தவர்கள், அவர்களுடைய பதிப்பாளர்கள் ஆகியோருக்காக வசூலிப்பது 1914-இல் தொடங்கிய பிஆர்எஸ். பதிவுசெய்த நிறுவனங்களுக்காகவும் அப்பதிவில் பாடி வாசித்த கலைஞர்களுக்காகவும் வசூலிப்பது 1934-இல் தொடங்கிய பிபிஎல். இந்த இரண்டாவது அமைப்பு உருவானதற்குக் காரணம் பிரிஸ்டல் நகரத்தில் வாடிக்கையாளர்களுக்காக இசைத்தட்டு வைத்த ஒரு காபி, தேநீர் விடுதியின் மேல் கிராமபோன் கம்பெனி தொடுத்த வழக்கு. கடையில் விலை கொடுத்து வாங்கிய தட்டாக இருந்தாலும் அதைப் பொது இடத்தில் ஒலிக்கச் செய்யத் தனி அனுமதி வேண்டும் என்று அவ்வழக்கில் தீர்ப்பானது. பப்பில் பாட்டு வைப்பவர் இன்று கட்டும் கட்டணத்தின் ஒரு பாதி அந்த விடுதியிலிருந்துதான் தொடங்குகிறது.

நெடுங்காலம் இரண்டு அமைப்புகளும் தனித்தனியே பில் அனுப்பிவந்தன. 2018 முதல் இரண்டும் சேர்ந்து லெஸ்டர் நகரிலிருந்து “தி மியூசிக் லைசென்ஸ்” என்ற ஒரே உரிமத்தை வழங்குகின்றன. இசை ஒலிக்கும் பகுதியின் பரப்பு, பின்னணி இசையா, நேரடி நிகழ்ச்சியா, டிஜே நடனமா என்பன போன்றவற்றைப் பொறுத்துத் தொகை மாறும். விண்ணப்பிக்காமலேயே பாட்டு வைக்கத் தொடங்கியவரிடம் முதலாண்டுக்கு வழக்கமான தொகையின் மேல் பாதி சேர்த்து வாங்குவது பிஆர்எஸ் கட்டண விதிகளில் உள்ள ஏற்பாடு. ஆகவே ஸ்பீக்கரை இணைக்கும் முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

பொதுவாக இந்தக் கட்டணம் பப்பை நடத்துபவரின் பொறுப்பே. கட்டடத்துக்குச் சொந்தமான ஆலை அதைக் கட்டிவிடும் என்று நம்பியிருக்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு: 1988-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அனுமதியின்றிப் பாடியவரை மட்டுமல்லாமல், தம் இடத்தில் அப்படிப் பாட இசைவளித்தவரையும் பொறுப்பாக்குகிறது.

கல்லாவுக்குப் பின்னால் ஒரு சின்ன ரேடியோ மட்டும் வைத்தால்? என் சொந்த ஸ்பாட்டிஃபையில் பாட்டு வைத்தால்?

வாடிக்கையாளர் காதில் விழும் ரேடியோவுக்கும் உரிமம் வேண்டும். வானொலி நிலையம் கட்டிய கட்டணம் அது ஒலிபரப்புவதற்கு. பப்பில் அதைக் கேட்கச் செய்வது சட்டத்தின் பார்வையில் தனிச் செயல். ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளின் தனிநபர் கணக்கைக் கடைகளிலும் விடுதிகளிலும் பயன்படுத்தக் கூடாது என்று அவற்றின் விதிமுறைகளே தடுக்கின்றன. மியூசிக் லைசென்ஸ் வாங்கியிருப்பது இத்தடையை நீக்காது. வணிக இடங்களுக்கென்றே இசை வழங்கும் சேவையைத்தான் எடுக்க வேண்டும்.

பீத்தோவன் இசைக்குமா கட்டணம்?

படைப்பாளர் இறந்து 70 ஆண்டுகள் ஆனபின் இசைப்படைப்பின் உரிமை முடிந்துவிடுகிறது. ஆகவே பீத்தோவனைப் பியானோவில் வாசிப்பவருக்குத் தடையில்லை. ஆனால் அதே இசையை ஓர் இசைக்குழு அண்மையில் பதிவுசெய்திருந்தால், அந்தப் பதிவுக்கு வெளியானதிலிருந்து 70 ஆண்டுகள் தனி உரிமை உண்டு. நாட்டுப்புறப் பாட்டுகளிலும் இதே சிக்கல்தான்: மெட்டு யாருக்கும் சொந்தமில்லாவிட்டாலும், அதற்கு அண்மையில் ஒருவர் செய்த இசைக்கோப்பு அவருக்குச் சொந்தமாக இருக்கலாம்.

தமிழ்த் திரைப்பாடல்களுக்கு இங்கே யார் கேட்கப் போகிறார்கள்?

இந்தியாவும் பிரிட்டனும் பெர்ன் உடன்படிக்கையில் இருப்பதால், சென்னையில் உருவான பாடலுக்கு லண்டனிலும் பதிப்புரிமைப் பாதுகாப்பு உண்டு. பிறந்தநாளுக்கோ திருமண வரவேற்புக்கோ பப்பின் மேல்மாடிக் கூடத்தை வாடகைக்கு எடுக்கும் குடும்பங்கள், கூடத்துக்கு மியூசிக் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்பதோடு, அந்தப் பப்பை வைத்திருக்கும் நிறுவனம் பாட்டை அனுமதிக்கிறதா என்றும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவது கேள்வி பெரும்பாலோருக்குத் தோன்றுவதே இல்லை.

நானே எழுதிய பாட்டை நானே பாடினாலுமா பப் கட்டணம் கட்ட வேண்டும்?

நீங்கள் பிஆர்எஸ் உறுப்பினர் என்றால், பொது இடத்தில் பாடும் உரிமையை அந்த அமைப்பிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். ஆகவே பப்புக்கு உரிமம் வேண்டும். பாடிய பாட்டுகளின் பட்டியலை நிகழ்ச்சிக்குப் பின் அனுப்பினால் அதற்குரிய தொகை உங்களுக்கே வந்துசேரும். சிறு தொகைதானே என்று பலர் பட்டியலை அனுப்புவதில்லை. அனுப்ப வேண்டும் என்றே வலியுறுத்துவேன். பப் கட்டிய பணம் யாருக்குப் போகிறது என்று பப்காரர்கள் குறைப்படும்போது, மேடையில் பாடியவருக்கே போகிறது என்று காட்ட இதைவிட நேரான வழியில்லை.

கவுன்சில் உரிமம் வேண்டுமா, வேண்டாமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

சட்டம் பலமுறை மாறியதால் ஏற்பட்ட குழப்பம் இது. 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், இரண்டு பேர் வரை பாடினால் பப்புக்குத் தனிக் கேளிக்கை உரிமம் வேண்டியதில்லை. ஒரு கித்தார், ஒரு குரல் என்று எத்தனையோ மாலைகள் இந்த விதியின் நிழலில் நடந்தன. 2003-ஆம் ஆண்டு உரிமச் சட்டம் 2005 நவம்பர் 24 அன்று நடைமுறைக்கு வந்தபோது அந்த விலக்கு போய்விட்டது. ஒரே ஒரு பாடகர் என்றாலும், கவுன்சில் பப்புக்குத் தரும் உரிமத்தில் நேரடி இசைக்கு இடம் இருக்க வேண்டும் என்றாயிற்று. விண்ணப்பச் செலவுக்கும் நிபந்தனைகளுக்கும் தயங்கிய சிறிய பப்கள் இசையையே கைவிட்டன. இசைக்கலைஞர் சங்கமும் மற்றவர்களும் பல ஆண்டுகள் போராடியபின், பிரபுக்கள் சபை உறுப்பினர் கிளமென்ட்-ஜோன்ஸ் கொண்டுவந்த தனிநபர் மசோதா நேரடி இசைச் சட்டமாகி 2012 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இன்றைய நிலை இது. காலை 8 மணி முதல் இரவு 11 மணி வரை, ஒலிபெருக்கி இல்லாத நேரடி இசைக்கு எந்த இடத்திலும் கேளிக்கை உரிமம் வேண்டியதில்லை. அங்கேயே அமர்ந்து குடிக்க மது விற்கும் உரிமம் பெற்ற இடம் அவ்விற்பனைக்குத் திறந்திருக்கும்போது, அதே நேர வரம்புக்குள், 500 பேருக்கு மிகாத கூட்டத்துக்கு ஒலிபெருக்கியுடன் கூடிய நேரடி இசையும், பதிவுசெய்த இசையும் நடத்தலாம். தொடக்கத்தில் 200 பேர் என்றிருந்த வரம்பை 2015 ஏப்ரல் 6 முதல் 500 ஆக்கினார்கள். பதிவுசெய்த இசை சேர்ந்ததும் அப்போதுதான். கரோக்கி பொதுவாக நேரடி இசையாகவே கருதப்படுகிறது. நான்கு நண்பர்கள் குடித்துக்கொண்டே தாமாகப் பாடத் தொடங்கினால் அது கேளிக்கை நிகழ்ச்சியே அன்று.

அப்படியானால் அண்டைவீட்டார் புகார் செய்தாலும் கவலையில்லையா?

கவலைப்படத்தான் வேண்டும். உரிமம் வேண்டாம் என்பதற்கு எவ்வளவு சத்தமும் போடலாம் என்று பொருளில்லை. 1990-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தொல்லையாக இருக்கும் சத்தத்தை நிறுத்தும்படி கவுன்சில் அறிவிப்பு கொடுக்கலாம். அதை மீறுவது குற்றம். மேலும், பப்பின் உரிமத்தை மறுபரிசீலனை செய்யும்படி அருகில் குடியிருக்கும் எவரும் விண்ணப்பிக்கலாம். அவ்விசாரணையின் முடிவில், இரவு 11 மணிக்கு முந்தைய இசைக்கும் மீண்டும் நிபந்தனை விதிக்கும் அதிகாரம் கவுன்சிலுக்கு உண்டு.

அத்தகைய நிபந்தனைகளில் அடிக்கடி காணப்படுவது ஒலி வரம்புக் கருவி. மேடைக்கருகே சுவரில் பதித்த அந்தப் பெட்டியில் சத்தம் ஏற ஏறப் பச்சை விளக்கு மஞ்சளாகிச் சிவப்பாகும். சிவப்பு சில நொடிகள் நீடித்தால் மேடைக்கான மின்சாரமே நின்றுவிடும். ஒரு கைத்தட்டலின் சத்தத்திலேயே சிவப்புக்குப் போகும் அளவுக்கு அதை இறுக்கி வைத்துவிட்டால், டிரம்ஸ் வைத்த எந்தக் குழுவும் அங்கே வாசிக்க முடியாது. எழுத்தில் இசைக்கு அனுமதி இருக்கும், நடைமுறையில் இருக்காது. அளவை நிர்ணயிக்கும் நாளன்று ஓர் இசைக்கலைஞரையும் உடன் வைத்துக்கொள்ளும்படி குத்தகைதாரர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இரவு 11 மணிக்குப் பிறகு நடத்த வேண்டும் என்றால்?

எப்போதாவது ஒருநாள் என்றால் கவுன்சிலுக்குத் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு கொடுத்தால் போதும்: கட்டணம் 21 பவுண்டு, பணியாளர் உட்பட 499 பேர் வரை, அதிகபட்சம் 168 மணி நேரம், பத்து வேலைநாள் முன்னறிவிப்பு. காவல்துறையும் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவும் இதற்கு ஆட்சேபம் தெரிவிக்கலாம். வாரந்தோறும் என்றால் பப்பின் உரிமத்தையே திருத்த வேண்டும். அந்த உரிமம் உங்கள் பெயரில் இல்லாமல் ஆலையின் பெயரில் இருந்தால், திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியதும் ஆலையே.

சட்டமே அனுமதிக்கும்போது ஆலை எப்படித் தடுக்க முடியும்?

நேரடி இசைச் சட்டம் நீக்கியது அரசின் தடையை மட்டுமே. கட்டடத்தின் சொந்தக்காரர் தம் கட்டடத்தில் என்ன நடக்கலாம் என்று ஒப்பந்தத்தில் விதிப்பதை அது தொடவே இல்லை. முன்கூட்டிய எழுத்துமூலச் சம்மதமின்றி இசையோ நடனமோ நடத்தக் கூடாது, அண்டையாருக்குத் தொல்லை தரக் கூடாது, சுவரில் எதையும் பொருத்தக் கூடாது என்பன போன்ற வாசகங்கள் குத்தகைகளில் இருக்கும். மீறினால் குத்தகையையே இழக்க நேரிடலாம்.

இந்த அதிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு யார்க்ஷயரின் டாட்காஸ்டர் ஊரில் 1758-இல் தொடங்கிய சாமுவேல் ஸ்மித் ஆலையே தெளிவான எடுத்துக்காட்டு. 2004-இல் அந்நிறுவனம் தன் பப்களில் இசையை நிறுத்தியது, தொலைக்காட்சியும் இல்லை. பாட்டுக்கான உரிமக் கட்டணத்தைத் தவிர்த்துப் பீர் விலையைக் குறைவாக வைத்திருப்பது இதன் காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. 2017-இல் கெட்ட வார்த்தை பேசுவதற்கும், 2019-இல் உள்ளே கைப்பேசி, மடிக்கணினி முதலியவற்றைப் பயன்படுத்துவதற்கும் தடை வந்தது. லண்டனில் ஹோல்பர்ன் பகுதியில் இருக்கும் அந்நிறுவனத்தின் பிரின்சஸ் லூயிஸ் பப்புக்குள் போனால் இந்தக் கொள்கை என்ன செய்கிறது என்று தெரியும். செதுக்கிய மரச்சட்டங்களும் சித்திரம் பொறித்த கண்ணாடிகளும் பிரிக்கும் சிறுசிறு அறைகளில், பக்கத்து அறையின் பேச்சு முணுமுணுப்பாக வந்துகொண்டிருக்கும். எவரும் குரலை உயர்த்த வேண்டியதில்லை.

அந்த அமைதி மதிக்கத்தக்கது என்றே கருதுகிறேன். பேசுவதற்காகவே பப்புக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். காது மந்தமான முதியவர்களுக்குப் பின்னணி இசை இல்லாத இடம் பெரிய உதவி. தன் பப்களை மேலாளர் வைத்துத் தானே நடத்தும் ஒரு நிறுவனம், வருமான இழப்பையும் தானே ஏற்றுக்கொண்டு இப்படி முடிவெடுத்தால் அதில் அநியாயம் ஏதுமில்லை. நியாயம் பிறழ்வது வேறோர் இடத்தில்: வெள்ளிக்கிழமை இரவுகளில் இசைநிகழ்ச்சி நடக்கும் என்ற கணக்கில் வாடகையை ஒப்புக்கொண்ட குத்தகைதாரரிடம், கையெழுத்தான பின் சம்மதத்தை மறுப்பது. வாடகை குறைவதில்லை, பீரின் கொள்முதல் விலையும் குறைவதில்லை. வருமானம் மட்டும் குறைகிறது. இசைக்கலைஞருக்கும் இது நட்டம்தான். ஐம்பது பேர் முன்னால் தடுமாறிக் கற்றுக்கொள்ளும் இடம் பப்தான்; அது மூடினால் அதற்கு ஈடான வேறோர் இடம் சுலபத்தில் கிடைப்பதில்லை.

பப் நடத்தை விதிகள் இதில் குத்தகைதாரருக்கு உதவுமா?

ஓரளவுக்கு உதவும். 2016-இல் வந்த இந்த விதிகள், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 500 அல்லது அதற்கு மேற்பட்ட டைட் பப்களை வைத்திருக்கும் நிறுவனங்களை மட்டுமே கட்டுப்படுத்தும். ஸ்டோன்கேட், கிரீன் கிங், மார்ஸ்டன்ஸ், பஞ்ச், அட்மிரல், ஹைனெகனின் ஸ்டார் ஆகியவை இதன் கீழ் வந்தவை. ஒப்பந்தத்துக்கு முன் குத்தகைதாரருக்கு முழுத் தகவல் தர வேண்டும், சில கட்டங்களில் பீர் கட்டுப்பாட்டிலிருந்து விலகிச் சந்தை வாடகை மட்டும் கொடுக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்பன முக்கிய ஏற்பாடுகள். மேற்பார்வைக்கென ஒரு நடுவரும் உண்டு. ஆனால் குத்தகைதாரர் இசை நடத்த ஆலை சம்மதிக்க வேண்டும் என்று இவ்விதிகள் சொல்லவில்லை. சிறிய, குடும்ப ஆலைகளின் குத்தகைதாரர்களுக்கு இவை பொருந்தவே பொருந்தா.

கால்பந்து ஆட்டம் காட்டலாமா?

தொலைக்காட்சி உரிமமும், ஒளிபரப்பு நிறுவனத்தின் வணிகச் சந்தாவும் வேண்டும். வீட்டுச் சந்தாவைப் பப்பில் பயன்படுத்துவது கூடாது. ஸ்கை நிறுவனத்தின் வணிகச் சந்தாவில் வரும் திரையின் மூலையில் ஒரு பீர் கிளாஸ் சின்னம் தெரியும்; ஆய்வுக்கு வருபவர் உள்ளே நுழைந்து ஒரு பானம் வாங்கிக்கொண்டு அந்த மூலையைப் பார்த்தாலே போதும். போர்ட்ஸ்மத் நகரில் பப் நடத்திய கேரன் மர்ஃபி கிரேக்க ஒளிபரப்பு நிறுவனத்தின் டிகோடர் அட்டை வைத்து ஆட்டங்களைக் காட்டிய வழக்கில், 2011 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் அவருக்குப் பெரிதும் சாதகமாகத் தீர்ப்பளித்தது உண்மைதான். அது ஐரோப்பியப் பொதுச் சந்தையின் விதிகளை ஒட்டி அமைந்தது, பிரிட்டன் இன்று அதில் இல்லை. அதே தீர்ப்பும்கூட, ஒளிபரப்பில் வரும் தொடக்க இசை, வரைகலை போன்றவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு என்று கூறியிருந்தது.

சூதாட்ட இயந்திரம், டார்ட்ஸ், பூல்?

மது விற்கும் பப்புக்கு, கவுன்சிலுக்கு அறிவித்துக் கட்டணம் கட்டினால் சி அல்லது டி வகை இயந்திரங்கள் இரண்டு வைக்கும் உரிமை உண்டு. சி வகையில் ஓர் ஆட்டத்துக்கு அதிகபட்சம் 1 பவுண்டு, பரிசு 100 பவுண்டு. மேலே சொன்ன பப் நடத்தை விதிகளின் கீழ் வரும் நிறுவனங்கள், இயந்திரத்தைத் தம்மிடமே எடுக்க வேண்டும் என்று குத்தகைதாரரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. டார்ட்ஸும் பூலும் சட்டத்தில் சிக்கலில்லாதவை. ஒப்பந்தத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்திடும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

இசை, கேளிக்கை, தொல்லை, மாற்றங்கள் என்ற நான்கு தலைப்புகளில் குத்தகை என்ன சொல்கிறது என்று வழக்கறிஞருடன் உட்கார்ந்து வாசியுங்கள். சம்மதம் வேண்டும் என்று இருந்தால், “அது நியாயமின்றி மறுக்கப்படாது” என்ற வாசகமும் உடன் இருக்கிறதா என்று பாருங்கள். இசைநிகழ்ச்சி போன்றவற்றில் அந்த வாசகம் இல்லாவிட்டால், மறுப்பதற்குக் காரணம் காட்ட வேண்டிய கட்டாயம் ஆலைக்குப் பொதுவாக இராது. பப்பின் உரிமம் யார் பெயரில் உள்ளது, முன்பு சத்தம் குறித்துப் புகாரோ மறுபரிசீலனையோ நடந்ததா என்பதைக் கவுன்சிலின் பொதுப் பதிவேட்டிலும், உரிமப் பிரிவு, சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவு ஆகியவற்றிடமும் கேட்டு அறியலாம்.

வாடகையை நிர்ணயிக்க ஆலை தரும் வருமான மதிப்பீட்டில் இசை இரவுகளின் விற்பனை சேர்ந்திருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். சேர்ந்திருந்தால், வாரத்துக்கு எத்தனை இரவு, எத்தனை மணி வரை, ஒலிபெருக்கியுடனா என்று குறிப்பிட்டு அதற்கான சம்மதத்தை ஒப்பந்தத்தின் இணைப்பாகவே எழுதி வாங்குங்கள். வட்டார மேலாளர் வாய்மொழியாகத் தரும் உறுதி, அவர் வேறு வட்டாரத்துக்கு மாற்றலாகிப் போகும் நாள் வரைதான் செல்லும்.